கடைக் கணிப்பொறியில் லினக்ஸ்: ஏற்றிய பின் வரும் தொல்லைகளும் தீர்வுகளும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை முதல் மளிகைக் கடை வரை பில் போடும் பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதி இல்லை. நன்றாக ஓடும் பெட்டியைக் கழித்துப் போட எந்த வணிகருக்கும் மனம் வராது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றலாமா என்ற கேள்வி எழுந்துள்ளது.

லினக்ஸ் புதிய சரக்கு அல்ல. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் 'பாஸ்' என்ற இந்திய வடிவத்தை வெளியிட்டது. புதுவையை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சில், ஜென்டார்மெரி காவல் படை 2008 முதல் உபுண்டுவுக்கு மாறியது. ஏற்றுவது அரை மணி நேர வேலைதான். தொல்லை அதன் பிறகே தெரியும். பெரும்பாலானவற்றுக்கு எளிய தீர்வு உண்டு. ஆனால் அவற்றை வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது தேடக்கூடாது.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். ஏற்றும்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கணக்கெல்லாம் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். இரண்டு தனித்தனி இடங்களில் நகல் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

வை-ஃபை வராவிட்டால். சில வை-ஃபை சில்லுகளுக்கு டிரைவர் தனியாக வேண்டும். அதை இறக்கவே இணையம் தேவை என்பதுதான் சிக்கல். செல்போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, அதிலுள்ள 'டெதரிங்' வசதியைப் போடுங்கள். இணையம் வந்ததும், உபுண்டு, மின்ட் போன்றவற்றில் உள்ள டிரைவர் பகுதியைத் திறந்தால் பொருத்தமானதை அதுவே காட்டும்.

பில் பிரிண்டர். பெயர்பெற்ற லேசர் பிரிண்டர்கள் பல, செருகியதும் ஓடும். தெர்மல் பிரிண்டருக்குத் தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் டிரைவர் தேவைப்படலாம். பில் பாதியில் வெட்டப்பட்டாலோ, காகிதம் வெறுமனே நீண்டு ஓடினாலோ, காகித அளவு ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதை 58 அல்லது 80 மில்லிமீட்டராக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பார்கோடு ஸ்கேனர். யு.எஸ்.பி. ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கீபோர்டு போலவே நடந்துகொள்வதால் டிரைவர் தேவையில்லை. எழுத்து கலந்த கோடு குழப்பமாக விழுந்தால், தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

தமிழ் எழுத்து. யூனிகோடில் அடித்த சரக்குப் பட்டியல் அப்படியே தெரியும். பழைய எழுத்துருக்களில் அடித்தவை புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அடிப்பதற்குத் தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

கடிகாரம். ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இதைக் கவனியுங்கள். லினக்ஸ் பெட்டிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் ஐந்தரை மணி. விடியற்காலை 4 மணிக்கு விண்டோஸில் போடும் மொத்த வியாபார பில் முதல் நாள் இரவு 10.30 என்று விழும். அன்று மாதத்தின் முதல் தேதியானால், விற்பனை முந்தைய மாதக் கணக்கில் போய்ச் சேரும்! பெட்டிக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸில் ஒருவரிக் கட்டளையால் சொல்லிவிடலாம். ஏற்றித் தருபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கோப்பில் எழுத முடியாவிட்டால். விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்பு திறக்கும். ஆனால் லினக்ஸிலிருந்து சேமிக்க முடியாது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியே பெரும்பாலும் காரணம். அதை நிறுத்தி, கணிப்பொறியை முறையாக அணைத்துப் போட்டால் சரியாகும்.

தீர்வு எளிதல்லாத ஒன்று. டாலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்ட மென்பொருள். 'ஒயின்' என்ற இடைமென்பொருளின் மூலம் லினக்ஸில் ஓட்டுவதை நம்பி ஆண்டுக் கணக்கை ஒப்படைக்காதீர்கள். கணக்குக்கு ஆதரவுள்ள விண்டோஸ் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, பில், கடிதம், இணைய வேலைகளை லினக்ஸுக்கு மாற்றுவதே பத்திரம். பில் மென்பொருளுக்கு லினக்ஸ் வடிவம் உண்டா, அல்லது பிரவுசரில் ஓடுமா என்பதை விற்றவரிடம் முன்னதாகவே கேளுங்கள். தனி உரிமையாளர்கள் ஜி.எஸ்.டி. தாக்கலை செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் முடிக்கலாம். டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமான கம்பெனிகள், டோக்கன் லினக்ஸில் ஓடுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

இத்தனையையும் ஏற்றாமலே சோதிக்க வழியுண்டு. லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம்; டிஸ்க்கில் எதையும் தொடாது. வை-ஃபை, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் நான்கையும் ஒரு விடுமுறை நாளில் பார்த்துவிடுங்கள். மாதாந்திரத் தாக்கல் செய்வோர் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நெருக்கத்தில் இதில் இறங்க வேண்டாம். 20 கழிந்த பின் தொடங்குங்கள். முதல் ஒரு வாரம் கையால் எழுதும் பில் புத்தகமும் கல்லாப்பெட்டி அருகில் இருக்கட்டும். சரக்கை எடை பார்த்து வாங்கும் நாம், மென்பொருளையும் சோதித்தே ஏற்றுக்கொள்வோம்.