விலைக்கு வாங்கிய ஆய்வேடு



கல்லூரியில் படிக்கும் பிள்ளை புராஜெக்டுக்குப் பணம் கேட்டால், எதற்கென்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். தட்டச்சுக்கும் பைண்டிங்கிற்கும் கொடுப்பது நியாயமான செலவு. பிறர் எழுதி முடித்ததை வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது மோசடி.

இங்கிலாந்து 2022-இல் இத்தகைய விற்பனையைக் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விற்றவரை இவ்விதிகள் தொடுவதில்லை. ஒரே பிரதியை அவர் பலருக்கு விற்றிருக்கலாம். மாட்டிக்கொள்வது நம் பிள்ளை. இங்கும் விற்பவரைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்பதே நம் கருத்து.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். வாங்கிய ஆய்வேடும் அப்படியே. வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டால் ஈரம் தெரிந்துவிடும்.

எழுதத் திணறும் பிள்ளையை ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். நம் விருத்தாசலத்தில் செராமிக் படிக்கும் பிள்ளை, களிமண்ணைப் பற்றித் தானே நாலு பக்கம் எழுதட்டும். சுமாராக இருந்தாலும், நாளை சூளை முன் நிற்கும்போது கைகொடுப்பது அதுதான், இன்ஷா அல்லாஹ்.