பழைய படகும் மறைக்கப்படாத குறையும்

கடலோடு நம் சமுதாயத்திற்குள்ள உறவு மிகப் பழமையானது. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கப்பல் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர்கள். மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். அந்த மரபில் வந்தவர்கள் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களில் வசதி பெற்ற சிலருக்கு, மனைவி மக்களோடு கரையோரமாகச் சென்றுவர ஓர் இயந்திரப் படகு வாங்கும் ஆசை எழுகிறது. புதிய படகின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பிறர் பயன்படுத்திய படகையே அவர்கள் நாடுகின்றனர்.

ஆசை ஆகுமானதுதான். ஆயினும், பழைய படகு வாங்குவது பழைய மிதிவண்டி வாங்குவது போன்றதன்று. சாலையில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாம். கடல் நடுவே படகு நின்றுவிட்டால் இறங்கி நடக்க வழி ஏது? அதில் அமர்ந்திருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு புகழ்பெற்ற படகு

எடுத்துக்காட்டாக, 'கிராண்ட் பேங்க்ஸ் 36' என்னும் படகைப் பார்ப்போம். ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கன் மரைன் என்னும் நிறுவனம் 1960களில் இதைக் கட்டத் தொடங்கியது. பின்னர் சிங்கப்பூரில் பட்டறை அமைந்தது. இன்று அந்நிறுவனத்தின் படகுகள் மலேசியாவின் பாசிர் கூடாங்கில் கட்டப்படுகின்றன. தொடக்கத்தில் மரத்தால் அமைந்த இப்படகுகள், 1973 முதல் கண்ணாடியிழைக்கு மாறின. நீளம் 36 அடி. பழைய படகுகள் பலவற்றில் 120 குதிரைத் திறன் கொண்ட ஃபோர்டு லேமன் டீசல் இயந்திரம் ஒன்றோ இரண்டோ இருக்கும். மணிக்குச் சுமார் 13 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் செல்லும். பறந்து செல்ல விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள மிதக்கும் வீடாக, அலுப்பின்றிப் பயணம் செய்ய ஏற்றது.

இத்தகைய நல்ல படகுக்கும் முதுமையில் நோய்கள் உண்டு. மேல்தளத்தில் பதித்த தேக்குப் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகள் பிடித்திருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் துளைகளின் வழியே மழைநீர் இறங்கி, தளத்தின் உள்ளிருக்கும் மரத்தை உளுக்கச் செய்யும். மேலே பார்த்தால் தேக்கு பளபளக்கும். கீழே தளம் மெத்தென்று அமுங்கும். இரும்பாலான டீசல் தொட்டிகள் துருப்பிடித்துக் கசியும். அவற்றை மாற்றவேண்டுமானால், சில படகுகளில் இயந்திரத்தையே அப்புறப்படுத்த நேரும். சன்னல் ஓரங்களில் நீர் கசியும். நீரில் மூழ்கியிருக்கும் கண்ணாடியிழைப் பகுதியில் கொப்புளங்கள் தோன்றும்.

வாங்குவோர் செய்ய வேண்டியவை

முதலில், படகை மதிப்பிடும் ஆய்வாளர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் அழைத்துவரும் ஆய்வாளர் வேண்டாம். படகை நீரிலிருந்து கரையேற்றிப் பார்க்கச் செய்யுங்கள். அவர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். திடமான இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

இரண்டாவதாக, குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை உங்கள் கண்முன் இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே அதைச் சூடேற்றி வைத்திருந்தால், காரணம் கேளுங்கள். புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை நீடித்தால், இயந்திரத்திற்குக் காற்று போதவில்லை அல்லது சுமை மிகுதி. நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. வெண்புகை நில்லாமல் தொடர்ந்தால் எரியாத டீசலோ நீராவியோ வெளியேறுகிறது. பின்னர்ப் படகைக் கடலில் செலுத்தி, முழு வேகத்திலும் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவதாக, பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேளுங்கள். மேற்சொன்ன லேமன் இயந்திரத்தில் டீசலைச் செலுத்தும் பம்புக்குத் தனியே எண்ணெய் உண்டு. அதை 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டும். இதை உரிமையாளர் அறிந்திருக்கிறாரா என்று கேட்டாலே, அவர் படகைப் பேணிய விதம் புலப்பட்டுவிடும்.

விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. மிகப் பழைய படகுக்கு அதுவும் போதாது. வட்டிக் கடன் வாங்கிப் படகோட்டும் இன்பத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

விற்பவருக்கும் கடமை உண்டு

பழைய படகு விற்பனை ஒப்பந்தங்களில், 'இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது' என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அதை எழுதிவிட்டால் தம் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உலகச் சட்டம் அவரை விட்டுவிடலாம், மார்க்கம் விட்டுவிடுமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே பளபளக்கும் தேக்கு, உள்ளே உளுத்த மரம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதன் நிபந்தனைகளில் மத்ஹபுகள் வேறுபடலாம். அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையைச் சொல்லாமல் ஒரு துணியை விற்றுவிட்டபோது, இமாமவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. குறையுள்ள துணியால் உயிர் போவதில்லை. குறையுள்ள படகால் ஒரு குடும்பமே கடலோடு போய்விடலாம்.

புறப்படுமுன்

ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை வேண்டும். பெரியவர்களின் உடை குழந்தைக்குப் பொருந்தாது. அதற்குரிய அளவில் தனியே வாங்குங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறியில் வெடித்துவிடும். எனவே சமையல் முடிந்ததும் உருளையின் வாயை மூடுங்கள். ஆபத்தில் அழைக்க வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையைக் குடும்பத்தார் அனைவருக்கும் கற்றுக்கொடுங்கள். ஓட்டுபவர் மயங்கி விழுந்தால் அழைக்க வேண்டியவர் உங்கள் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம்.

நூஹ் (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி மரக்கலத்தைத் தம் கையால் கட்டினார்கள்; அதன்பின் அல்லாஹ்வின் திருப்பெயர் சொல்லி ஏறினார்கள். கட்ட வேண்டியதைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதை இந்த வரிசை நமக்கு உணர்த்துகிறது. வாங்குபவர் சோதித்து வாங்கட்டும்; விற்பவர் உண்மை சொல்லி விற்கட்டும். அத்தகைய வணிகத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.