குதிர் காலியாகும் வரை

"பத்து நாளா மாத்திரை போடுறேன் டாக்டர். நெஞ்சு இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. வேற மாத்திரை எழுதிக் கொடுங்களேன்." தைராய்டு மிகையாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் தொடங்கியவர்கள் பலர் இரண்டாவது வாரத்தில் இப்படித்தான் கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடுகிறதே!

இந்தத் தாமதத்துக்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. தைராய்டு ஒரு சேமிப்புக்காரச் சுரப்பி. அதன் செல்கள் வட்டமாகக் கூடி நின்று, நடுவிலுள்ள குழியில் தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு ஹார்மோனைக் கோத்துக் கூழாக நிரப்பி வைக்கின்றன. அந்தக் காலத்து வீடுகளில் நெல் குதிர் இருந்ததே, அப்படி. ஆரோக்கியமானவரின் குதிரில் இரண்டு மாதத்துக்குமேல் தாங்கும் இருப்பு உண்டு. வேறெந்த ஹார்மோன் சுரப்பிக்கும் இவ்வளவு பெரிய கிடங்கு கிடையாது. இந்த ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். கடலை விட்டுத் தள்ளிய மண்ணில் அது அரிது. கிடைக்கும்போதே கட்டி வைத்துக்கொள்ளும் சிக்கனம் இது.

கார்பிமசோல் உடலுக்குள் போய் மெதிமசோலாக மாறி, அயோடினை ஹார்மோனில் கோக்கும் நொதியைத் தடுக்கிறது. அதாவது, குதிருக்குப் புது நெல் வருவது நிற்கிறது. உள்ளே இருக்கும் நெல்லை அது தொடுவதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றும் டி4 ஹார்மோன் பாதியாகக் குறையவே சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். சுரப்பி மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கிடங்கு வேகமாகவே கரையும் என்றாலும், கொஞ்சம் தேவலை என்று தோன்ற இரண்டு மூன்று வாரம், ரத்த அளவு சரியாக நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

குதிரே உடைந்து கொட்டுவதும் உண்டு. தைராய்டு அழற்சியில் நடப்பது அதுதான். புது உற்பத்தியே மிகையாக இல்லாத அந்த நிலையில் கார்பிமசோலால் பயனில்லை. எதனால் மிகை என்று பார்க்க மருத்துவர் கூடுதல் பரிசோதனை எழுதினால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மருந்துகளின் கதை எலிகளிடம் தொடங்கியது. 1941-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சல்ஃபாகுவானிடின் என்ற மருந்தைக் கொடுத்த எலிகளுக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹார்மோன் செய்ய முடியாமல் திணறித்தான் வீங்கியது என்பது பிறகு புரிந்தது. தடுக்க முடிகிறதென்றால் அதுவே மருந்தாகலாமே! பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் 1943-ல் தயோயூரியா, தயோயூராசில் இரண்டையும் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். கார்பிமசோல் அந்த வம்சத்தில் பிந்தி வந்தது.

கார்பிமசோல் பலன் காட்டும் வரையிலான இடைப்பட்ட வாரங்களுக்குத்தான் புரோப்ரனலால் மாத்திரை. படபடப்பும் கை நடுக்கமும் ஓரிரு நாளிலேயே அடங்கும். ஆனால் சுரப்பி சுரப்பதை அது நிறுத்தாது. "இதுவே போதும்" என்று கார்பிமசோலை விட்டுவிடக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் சரியான பிறகும் உடம்பு பின்தங்கியே வரும். தொடைத் தசை தேறி, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்திருக்க மாதங்கள் ஆகலாம். பழைய பசி மட்டும் போகாமல் இருந்தால் எடை கூடும். ஆய்வக அறிக்கையில், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். இன்னும் அடிமட்டத்தில் கிடப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பல காலம் ஓய்ந்து கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ளச் சில மாதங்கள் எடுப்பது வழக்கம்தான். தொடக்கத்தில் மருத்துவர் டி4, டி3 அளவுகளைப் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். கிரேவ்ஸ் நோய்க்குப் பொதுவாக 12 முதல் 18 மாதம் மாத்திரை. நிறுத்திய பின் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதுவரை பொறுங்கள் என்றே சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் பொறுக்கவே கூடாது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், கார்பிமசோல் வெள்ளை அணுக்களைச் சரித்துவிடும். காய்ச்சலோ கடுமையான தொண்டை வலியோ வந்தால் மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.