மருத்துவக் கப்பலில் காதலர் தினம்

மெர்சி ஷிப்ஸ் தொண்டு நிறுவனத்தின் மருத்துவக் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று, ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கின்றன. இவற்றுள் பெரியது குளோபல் மெர்சி: 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 அறுவை அரங்குகள். செவிலியர் முதல் சமையல்காரர் வரை பெரும்பாலும் தன்னார்வலர்களே. ஊதியம் கிடையாது, தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். எளிதில் வராத மனம் அது!

வேலை மும்முரமான காலத்தில்தான் பிப்ரவரி 14 வருகிறது. வார்டுகள் இரவு பகலாக இயங்குவதால் காதலர் தினத்துக்கென்று விடுப்பு இல்லை. கணவனுக்கு இரவுப் பணி, மனைவிக்குப் பகல் பணி என்றால், பணி மாறும் நேரத்தில் உணவுக்கூடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதே கொண்டாட்டம்.

கப்பலிலேயே மலர்ந்த காதலும் உண்டு. அமெரிக்க முக, தாடை அறுவை மருத்துவர் கேரி பார்க்கர், சில மாதம் தொண்டாற்றலாம் என்று 1980-களில் இந்நிறுவனத்தின் அனஸ்டாசிஸ் கப்பலில் ஏறினார். அங்கே தன்னார்வலராக இருந்த சூசனைச் சந்தித்து மணந்தார். பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பெரிய முகக் கட்டிகளால் ஊரார் ஒதுக்கிவைத்த நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அத்தம்பதியின் இரு குழந்தைகளும் கப்பலிலேயே வளர்ந்தார்கள்.