புல்லைக் கேட்டு வந்த காலம்

வீட்டைச் சுற்றிப் புல் மண்டினால் உடுமலை அருகே உள்ள அமராவதி நகரில் முன்பெல்லாம் யாரும் கவலைப்பட்டதில்லை. 1957-இல் கட்டிய அணையும் 1962-இல் வந்த சைனிக் பள்ளியுமாக வளர்ந்த ஊர். ஐப்பசி மழை நாலு நாள் பிடித்துக்கொண்டால் கொல்லைப்புறத்தில் புல் முழங்காலைத் தாண்டும். மாடு வைத்திருப்பவர்கள் அவர்களாகவே வாசலில் வந்து நிற்பார்கள். "ஏனுங்க, பொறத்தால இருக்கற புல்ல அறுத்துக்கட்டுங்களா?"

குத்தவைத்து உட்கார்ந்து, இடது கையில் ஒரு பிடி, வேரோரமாகக் கருக்கருவாளால் ஓர் இழுப்பு. அறுத்த பிடிகளை நுனி ஒரு பக்கமாகவே அடுக்கி, கயிறு போட்டு இறுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கூலிப் பேச்சே கிடையாது, புல்லேதான் கூலி. வெயிலென்றால் ஒரு சொம்பு மோர்.

இன்று அதே புல்லுக்கு நாம் காசு செலவழிக்கிறோம். இளவட்டங்கள் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போய்விட்டார்கள். 2008-இல் நூறுநாள் வேலையும் வந்தது. மிச்சமிருக்கும் மாட்டுக்காரர்களும் கோ-4 கம்பு நேப்பியரை வரப்போரம் நட்டு, வேண்டும்போது அறுத்துப் போடுகிறார்கள். கொல்லையில் தானாக முளைப்பதை யார் சீந்துவார்? விட்டுவிடவும் முடியாது. ஆனைமலை அடிவாரம் இது. புதருக்குள் கண்ணாடி விரியன் கிடந்தாலும் தெரியாது.

அப்படித்தான் புல்வெட்டும் மெஷின் வந்தது. 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகையைப் பார்த்துவிட்டு, தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுற்றவிட்டுப் புல் வெட்டிக் காட்டினார். உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அலறும் பெட்ரோல் பிரஷ் கட்டரிலும் அந்த நரம்பை மாட்டலாம். அஞ்சு சென்ட் வீட்டுக்கு அது வேண்டாம். சத்தமும் புகையும்தான் மிச்சம். கரண்டில் ஓடும் வயர் மெஷினா, பேட்டரி மெஷினா என்பதுதான் இங்கே கேள்வி.

2012-இல் வயர் மெஷின் வாங்கியவர் பாவம், அன்றைக்கு இருந்த மின்வெட்டில் அது பெரும்பாலும் மூலையில்தான் கிடந்திருக்கும். இப்போது அந்தத் தொல்லை குறைவு. விலை மலிவு, எடை குறைவு, கரண்ட் உள்ளவரை ஓடும். ஆனால் மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப் போட்டால் வயர் சூடாகும், மோட்டாரும் திணறும். சுற்றும் நரம்பு வயரிலேயே பட்டுத் தொலைக்கவும் கூடும். பனி ஈரத்தில் தொடவே கூடாது. வீட்டு போர்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த மெஷின் வேண்டாம் என்றே சொல்வேன்.

பேட்டரியில் வேறு கணக்கு. பெட்டியில் 20 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும், பக்கத்தில் 18 வோல்ட் என்று இருப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே அதே அஞ்சு லித்தியம் செல். முழு சார்ஜில் அளந்தால் ஒரு எண், சராசரியில் இன்னொன்று. பார்க்கவேண்டியது ஆம்பியர்-அவர். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் கைவசம் 36 வாட்-அவர். மோட்டார் 300 வாட் இழுத்தால் ஏழு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அருகும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருந்தால் மோட்டாருக்குச் சுமை குறைவு, கூடுதலாகத் தாங்கும். முற்றிய பார்த்தீனியத் தண்டில் 1.6 மி.மீ. நரம்பு படபடவென்று அறும். அஞ்சு சென்ட்டுக்கு 4 ஆம்பியர்-அவர் பேட்டரி எடுப்பேன். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, ஆறவிட வேண்டும்.

பக்கத்து வீட்டில் மெஷின் ஓடும்போது மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி நின்று பார்த்தார். "சாமி, இதெ மாடு திங்குமா?"

"வேண்டாங்க ஆத்தா" என்றான் மெஷின் ஓட்டிய பையன். அருவாள் அறுத்தது கட்டாக நின்றது. நரம்பு அடித்தது கூழாகச் சிதறிச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. ஊடே நைலான் துணுக்குகள் வேறு. பாட்டி வேலியோரத்தைக் காட்டி, அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார், தான் அறுத்துக்கொள்வதாக. முருங்கை அடிமரத்தோரமும் அப்படி விடுவது நல்லது. பட்டையில் நரம்பு சுற்றி அடித்தால் இளமரம் பட்டுப்போகும்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் மெஷினாகப் பார்த்து, பேட்டரி இல்லாமல் வாங்குங்கள்; பேட்டரிதானே விலையில் பெரும்பங்கு. வாங்குமுன் நரம்புச் சுருள் உடுமலைக் கடைகளில் கிடைக்குமா என்றும் விசாரித்துவிடுங்கள்.