முதல் இரவும் ஒரு பந்தமும்

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு பெருமழையில் மேற்கு மாம்பலத்தில் மின்சாரம் நின்றது. ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி விடியும்வரை அமர்ந்திருந்தோம்.

'மைன்கிராஃப்ட்' என்னும் கணிப்பொறி விளையாட்டிலும் முதல் இரவைக் கடப்பதே முதற் சோதனை. அங்கு ஒரு நாள் என்பது 20 நிமிடங்களே. பகலின் 10 நிமிடங்களுக்குள் மரம் வெட்டி, குடில் அமைத்து, கரியும் குச்சியும் கொண்டு பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஏன் தெரியுமா? இருளில் அரக்கர்கள் தோன்றுவர்.

பந்தத்தின் ஒளி அளவு 14. ஒரு கட்டம் தள்ளினால் 13, அடுத்து 12, 14ஆவது கட்டத்தில் சுழி. 2021ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பந்தத்தின் ஒளி சிறிதேனும் எட்டும் இடத்தில் இவ்வரக்கர்கள் தோன்றுவதில்லை.

இயற்கையின் கணக்கு வேறு. சுடரின் ஒளி எல்லாத் திசைகளிலும் விரிந்து பரவுவதால், தொலைவு இரு மடங்கானால் ஒளிச்செறிவு கால் பங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதுவே எதிர்த்தகவு இருமடி விதி. விளையாட்டில் 7 கட்டங்களுக்கு அப்பாலும் பாதி அளவு எஞ்சும். மெழுகுவர்த்தியிலோ, 1 மீட்டரில் கிடைத்த ஒளியில் 49இல் ஒரு பங்கே 7 மீட்டரில் கிடைக்கும்!

மின்சாரம் நின்ற இரவில் படிக்க நேர்ந்தால் விளக்கைச் சற்று அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும்.