வறட்சி ஒன்று, கிணறு வேறு

தேத்தண்ணியைக் குடித்தபடி ஆறுதலாகப் பார்ப்போம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அதிலிருந்து கொடிகாமம் சந்தையடியிலும் இந்த வாதம்தான். சனம் இனப்பிரச்சினையை விட்டுவிட்டு வயிற்றுப்பாட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்கிறார் ஒருவர். உரிமை முதல், சோறு பிறகு என்கிறார் மற்றவர். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் என்றே இருவரும் நினைக்கிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது.

மழை பொய்த்தால் ஊருக்கெல்லாம் ஒரே வறட்சிதான். ஆனாலும் ஆழமில்லாத கிணறுதான் முதலில் வற்றும். விலையேற்றத்தை வறட்சி என்று வைத்துக்கொள்வோம். காணி, நகை, சேமிப்பு, நிரந்தர வேலை எல்லாம் ஒரு வீட்டுக் கிணற்றின் ஆழம். இன ஒதுக்கல் அந்த ஆழத்தைத்தான் தூர்க்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 1990களில் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், உரம், பற்றரி எதுவும் யாழ்ப்பாணத்துக்கு இலகுவில் வரவில்லை. இறைப்பு மெசினைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டித்தான் பயிரைக் காப்பாற்றினார்கள். 2000இல் போரால், கொடிகாமம் உள்ள தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை முகமாலையில் பூட்டப்பட்டது. போர் 2009இல் முடிந்தும், அங்கே பல காணிகளுக்குள் கண்ணிவெடி அகற்றும் வரை உரியவரால் கால்வைக்க முடியவில்லை. பிறகு நட்ட தென்னை காய்க்க இன்னும் ஆறேழு வருடம். அத்தனை காலமும் அந்தக் காணிக்காரர் வீட்டில் வருமானம் நின்றது, கடன் ஏறியது.

இந்த நிலையில்தான் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் வரிசை கொழும்பிலும் கொடிகாமத்திலும் ஒன்றுதான். ஆனால் அடகு வைக்கச் சங்கிலி இருந்த வீடும், அதை எப்போதோ விற்றுத் தின்ற வீடும் ஒன்றல்ல. நெருக்கடிக்கு முன்பே, 2019 அரச கணக்கெடுப்பில், நாட்டின் வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம்.

கிணறு தூர்ந்ததற்கு இனம் மட்டும் காரணமில்லை. மொனராகலைச் சிங்கள விவசாயியும் ஏழைதான். 1948இல் குடியுரிமை இழந்த மலையகத் தொழிலாளரின் பிள்ளைகள் பலருக்கு இன்னும் சொந்தக் காணி இல்லை. நமது ஊர்களிலேயே சாதியால் காணியற்றுப் போன குடும்பங்கள் உண்டு. தமிழர் உரிமை என்று பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேசவேண்டும்.

இனி அரிசி விலையைச் சொல்லி வாக்குக் கேட்பவரிடம் படையினர் வசமுள்ள காணிகளின் விடுவிப்பைப் பற்றிக் கேளுங்கள். உரிமையைச் சொல்லி வருபவரிடம் நுண்கடன் சுமையையும் காணியற்றவர்களையும் பற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவருக்கே வாக்கைப் போடுங்கள்.